ஓரன் மேபெரிக்குப் படகு பிடிக்குமா?

வென்டல் க்ராஸ்கி இரண்டாவது துண்டு தேங்காய்க் கேக்கில் முள்கரண்டியை இறக்கிய நேரம் பார்த்து, உணவகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு லோனி ப்ரூயிட் உள்ளே வந்தான்.

வென்டல் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வென்டல் ஹெரன்ஸ் அணிக்கு ஆள் பார்க்கிறவர். லோனி வேறொரு அணிக்கு ஆள் பார்க்கிறவன். கல்லூரி கல்லூரியாகப் போய், மைதானத்து ஓரத்தில் குளிரில் நின்று, எந்தப் பையன் பெரிய ஆட்டத்துக்குத் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எடை போட்டு மேலிடத்துக்குச் சொல்வதுதான் இருவருக்கும் பிழைப்பு. வருஷம் முழுக்க ஒரே நெடுஞ்சாலைகளில் ஓடுவார்கள். ஒரே மாதிரி விடுதிகளில் தூங்குவார்கள். எதிரெதிரே சந்தித்தால் ஒருவருக்கொருவர் பொய் சொல்வார்கள். அது அந்தத் தொழிலின் மரியாதை.

"அடடே, வென்டலா! இந்தப் பொட்டல் ஊர்ல உனக்கு என்னப்பா வேலை?" லோனி கேட்காமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சும்மா. வழியில காபி குடிக்கலாம்னு."

லோனியின் பார்வை தட்டுக்குப் போனது. "ரெண்டாவது துண்டா?"

"பசி."

"பசியாவது! எவனையாவது பிடிச்சுப் போனாத்தான் உனக்கு ரெண்டாவது துண்டு இறங்கும். இது நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரியுமே."

உண்மைதான். அன்று காலை வென்டல் அந்த ஊர்ச் சின்னக் கல்லூரியின் பயிற்சி மைதானத்தில் ஒரு பையனைப் பார்த்திருந்தார். பெயர் ஓரன் மேபெரி. கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டுக் கையால் வீசிக் கையால் பிடிக்கிற அந்த ஆட்டத்தில், அவன் பந்தைப் பிடிக்கிறவன். பிடிப்பது என்றால் சாதாரணப் பிடிப்பு இல்லை. மற்றவர்கள் பிடித்தால் 'பட்'டென்று சத்தம் வரும். ஓரன் கைக்குள் பந்து போனால் சத்தமே கேட்காது. தூங்குகிற குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுகிற மாதிரி இருக்கும். இடப்பக்கம் போவது போல் உடம்பைக் காட்டிவிட்டு வலப்பக்கம் திரும்பினான் என்றால், காவலுக்கு நிற்கிறவன் யாரோ கூப்பிட்டதைப் போலத் தனியாக வேறெங்கோ ஓடிக்கொண்டிருப்பான்.

குறைகளும் இருந்தன. நேர் ஓட்டத்தில் வேகம் போதாது. எலும்பும் தோலுமாக இருந்தான். பலமாகக் காற்றடித்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது தேடுவான் போலிருந்தது. தன் அணிக்காரன் பந்தோடு ஓடும்போது எதிராளியை முட்டித் தடுக்க வேண்டும் அல்லவா, அந்த வேலையில் ஓரன், கல்யாண வீட்டு வாசலில் நின்று பன்னீர் தெளித்து உள்ளே அனுப்புகிறவன் மாதிரி நடந்துகொண்டான்.

ஆனாலும் அந்தக் கைகள்! ஆள் பார்க்கும் வேலையில் முடி நரைத்தபிறகு, வென்டல் அப்படிப்பட்ட கைகளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சிக்கல் என்னவென்றால், ஏப்ரலில் நடக்கும் தேர்வில் அணிகள் வரிசைப்படி, ஏழு சுற்றாக, ஆட்களை எடுக்கும். ஹெரன்ஸ் தன் முதல் நான்கு சுற்றுகளையும் போன வருஷமே மற்ற அணிகளுக்குத் தாரை வார்த்துவிட்டது. அவர்கள் முறை வருவது ஐந்தாவது சுற்றில்தான். அதுவரை ஓரன் வேறு யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும்.

வென்டலுக்கு இது கழுத்துக்கு வந்த விஷயமும்கூட. அவர் கடைசியாகச் சிபாரிசு செய்த இரண்டு பேரில் ஒருவன், அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை. இன்னொருவன் பந்தை அருமையாகப் பிடித்தான். பிடித்தபிறகு எந்தத் திசையில் ஓடுவது என்பதில்தான் அவனுக்குச் சந்தேகம் இருந்தது. "மூணாவதும் இப்படிப் போச்சுன்னா நீ உன் மச்சான் மெத்தைக் கடையில போய் நிக்கலாம்" என்று மேலாளர் டுப்ரீ சொல்லிவிட்டார்.

"சொல்லுப்பா, யார் அந்த அதிர்ஷ்டசாலி?" என்றான் லோனி.

வென்டல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஓஹியோ நதி பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. நிலக்கரி ஏற்றிய தட்டைப் படகுகளை முன்னால் தள்ளிக்கொண்டு ஓர் இயந்திரப் படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"மேபெரிக்காகத்தான் நீயும் வந்திருப்பே. என்கிட்ட எதுக்கு நடிப்பு?" என்று ஆரம்பித்தார் வென்டல். "கை பரவாயில்ல. ஆனா ஒண்ணும் பிரயோசனம் இல்ல, லோனி. பையனுக்கு ஆட்டத்துல மனசு இல்ல."

"பின்னே எதுல?"

"படகுல."

"என்னது?"

"அதோ போகுது பாரு, அதுல. படிப்பு முடிஞ்ச கையோட சரக்குப் படகுல வேலைக்குச் சேரப் போறானாம். சின்ன வயசுலேருந்து அதே பைத்தியம். பந்து வீசுறதுக்கு நடுவுல நதியில ஊதுகுழல் சத்தம் கேட்டா, அப்படியே நின்னு திரும்பிப் பார்க்கிறான்."

தான் சொன்னதைக் கேட்டு வென்டலுக்கே பெருமையாக இருந்தது. வேகம் இல்லை என்று சொன்னால் லோனி கடிகாரம் வைத்து அளந்து பார்த்துவிடுவான். மனசை எதை வைத்து அளப்பான்?

லோனி மோவாயைத் தடவினான். "யாருப்பா அந்த மேபெரி? நான் அந்தக் குண்டுப் பையன் தடுப்பாட்டக்காரனைப் பார்க்க வந்தேன்."

வென்டலின் முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"பந்து நல்லாப் பிடிப்பானோ?" லோனியின் கண்கள் மெல்லச் சுருங்கின. "நீயே 'கை பரவாயில்ல'ன்னா... சாயங்காலம் நானும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போறேன்."

"வேண்டாம் லோனி, வீண் வேலை. படகுக் கம்பெனிக்காரங்ககிட்ட வாக்கே குடுத்துட்டான். மார்புல நங்கூரம் பச்சை குத்தியிருக்கான்."

"மார்புலயா?"

"இத்தாம் பெருசு" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார் வென்டல். ஆரம்பித்தாயிற்று, அரைகுறையாக விட முடியுமா?

லோனி அன்று சாயங்காலம் மைதானத்துக்குப் போகவில்லை. வென்டல் நிம்மதியாகத் தூங்கினார். பொய் தூங்கவில்லை.

அடுத்த வாரம் அவர் மனைவி கார்லீன் போன் செய்தாள். வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசிவிட்டு, "ஆமா, உங்க ஆளுங்க பாக்குற பசங்கள்ல ஒருத்தனாமே, படகுலதான் தூங்குவானாம்? முடி வெட்டுற கடையில பேசிக்கிட்டாங்க. தரையில படுத்தா தூக்கம் வராதாம், பாவம்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அந்தக் கடைக்காரி புருஷனோட தம்பி ஏதோ அணியில வேலை பாக்குறானாம். ஏன், உனக்குத் தெரியாதா? நீ என்னதான் வேலை பாக்குறே?"

வென்டல் போனை வைப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. டுப்ரீ.

டுப்ரீ பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ள மனிதர். ஒருவன் சொன்னால் வதந்தி, நாலு பேர் சொன்னால் செய்தி என்பது அவர் கொள்கை.

"வென்டல், உன் பக்கத்துல மேபெரின்னு ஒருத்தன் இருக்கானாமே. அவனை விட்டுடு."

"சார்?"

"படகுக் கிறுக்கனாம். நாலு பேர் சொல்லிட்டாங்க. நாலு பேரும் வேற வேற அணி. ஒருத்தன் நங்கூரத்தைக் கண்ணால பார்த்தேங்கிறான்."

"சார், அது சுத்தப் பொய்."

"எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாததுதான் பிரச்சினை. டுப்ரீக்கு எதிரி அணியிடம் பொய் சொல்கிறவனைப் பிடிக்கும். ஆனால் தன் பொய்யில் தானே மாட்டிக்கொண்டு, தலைமை அலுவலகத்தையும் அதில் மாட்டிவிடுகிறவனுக்கு மெத்தைக் கடைதான்.

"நான் அவன் பயிற்சியாளரைக் கேட்டேன் சார்" என்றார் வென்டல். "பையன் படகையே பார்த்ததில்லையாம்."



"ஏய்யா, வீடு நதிக்கரையில. பிறந்ததுலேருந்து அங்கேயே இருக்கான். படகையே பார்த்ததில்லையா?"

"அதாவது, சார்..."

"எதையோ மறைக்கிறாங்க வென்டல். உன்னை நல்லா ஏமாத்தியிருக்காங்க."

வென்டல் நாற்காலியில் சரிந்தார். பிறகு, பொய்யை அதன் ஊரிலேயே கொன்றுவிடலாம் என்று முடிவு செய்து, நிஜமாகவே அந்தப் பயிற்சியாளரைக் கூப்பிட்டார்.

"உங்க பையனைப் பத்தி இப்படி ஒரு பேச்சு உலாவுது. நீங்க கொஞ்சம் மறுத்துச் சொன்னா நல்லது."

"எந்த மடையன் கிளப்பி விட்டான்?" என்று கத்தினார் பயிற்சியாளர்.

"அது தெரியல" என்றார் வென்டல், மென்று விழுங்கி.

பயிற்சியாளர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. இரண்டு நாளில் உள்ளூர்ப் பத்திரிகையில் ஓரனின் படத்தோடு கொட்டை எழுத்தில் வந்தது: 'எனக்குப் படகுகளில் துளியும் ஆர்வம் இல்லை: மேபெரி உறுதி.' அதைப் பெரிய பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. வானொலியில் இரண்டு பேர் அதைப் பற்றி அரை மணி நேரம் விவாதித்தார்கள். நாட்டில் எத்தனையோ பையன்கள் தேர்வுக்கு நிற்கிறார்கள், வேறு எவனாவது படகில் ஆர்வமில்லை என்று அறிக்கை விட்டானா என்று அதில் ஒருவர் கேட்டார்.

லோனி கூப்பிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "பார்த்தியா, வென்டல்! நீ சொன்னப்போ நான்கூடப் பாதிதான் நம்பினேன்."

இனிமேல் தூரத்திலிருந்து எதுவும் செய்வதில்லை என்று வென்டல் காரை எடுத்துக்கொண்டு நேராக ஓரன் வீட்டுக்கே போனார்.

ஓரனின் அம்மா லூவெல்லா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமலே அடக்கி வைக்கிற குரல். வாசலிலேயே வென்டலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களும் படகைப் பத்திக் கேக்கத்தான் வந்தீங்களா?"

"இல்லம்மா. உங்க பையன் கையைப் பத்திப் பேச வந்தேன்."

அவள் முகம் மாறிவிட்டது. உள்ளே உட்கார வைத்தாள். கெளுத்தி மீன் பொரிக்க ஆரம்பித்தாள். ஓரன் வந்து, கட்டிலுக்கு அடங்காத கால்களை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல எதிரே உட்கார்ந்தான்.

"சார், நீங்கதான் முதல் ஆள்" என்றான். "இதுவரைக்கும் வந்தவங்கள்ல ஒருத்தர்கூட என் ஆட்டத்தைப் பத்திக் கேக்கல. ஒருத்தர் வந்தார், என் சட்டையைக் கழட்டச் சொன்னார். நங்கூரம் எங்கேன்னு கேட்டார். இன்னொருத்தர் என் கையில ஒரு கயித்தைக் குடுத்து முடிச்சுப் போடச் சொன்னார். என் வேகம் போதாதுன்னு எனக்கே தெரியும் சார். அதைக் கேட்டிருந்தா பதில் வெச்சிருக்கேன். தடுக்கிறதுல நான் மட்டம். அதுக்குத் தினமும் காலையில பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியை முட்டிப் பழகுறேன். அதையும் யாரும் கேக்கல. எனக்கு நீச்சலே தெரியாது சார்! படகுல காலே வெச்சதில்ல. இது எங்கேருந்து வந்துச்சுன்னே புரியல."

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் வென்டலுக்குத் தாங்கவில்லை. அந்தக் கைகள் இரண்டும் முழங்காலில் சும்மா கிடந்தன. ஒரு துண்டு கேக்குக்கும் கொஞ்சம் பயத்துக்குமாகத் தான் அடித்துவிட்ட பேச்சு, இந்தப் பையனின் மூன்று வருஷ உழைப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது அவருக்கு அப்போதுதான் முகத்தில் அறைந்தாற்போல் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"கிளப்பி விட்டவன் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்றபடி லூவெல்லா கொதிக்கிற எண்ணெயிலிருந்து ஒரு மீனைக் கரண்டியால் தூக்கி, தலைகீழாகப் பிடித்து, எண்ணெயை வடித்தாள்.

வென்டல் வாயை மூடிக்கொண்டார். பிறகு அதே வாயில் மீனையும் போட்டுக்கொண்டார். இறங்கவில்லை.

கிளம்பும்போது ஓரனின் தோளைப் பிடித்துச் சொன்னார்: "உன்னை எங்க மேலாளர் முன்னாடி உக்கார வைக்கிறேன். என் பொறுப்பு. ஆனா ஒண்ணு. என்ன நடந்தாலும் நதியைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே. படகு, தண்ணி, மீன், எதுவும் கூடாது."

"சரி சார்" என்றான் ஓரன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பையன். பயிற்சியாளர் அதை ஒரு பலமாகவே குறிப்பிட்டிருந்தார்.

டுப்ரீயைச் சம்மதிக்க வைக்க வென்டல் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. கடைசியில், "வந்துட்டுப் போகட்டும், முகத்தைப் பார்த்தாத் தெரிஞ்சுடும்" என்றார் டுப்ரீ.

நேர்காணல் நன்றாகத்தான் ஆரம்பித்தது. எதிரணி இரண்டு பேர் பின்னால் நின்றால் எப்படி ஓடுவாய் என்று கேட்டார் டுப்ரீ. ஓரன் பலகையில் வரைந்தே காட்டினான். வேகம் குறைவு என்றார். "ஆமா சார், அதனாலதான் மத்தவங்களுக்கு முன்னாடியே திரும்பக் கத்துக்கிட்டேன்" என்றான். டுப்ரீயின் புருவம் ஏறியது. மூலையில் நின்ற வென்டலுக்குப் பழையபடி பசி எடுக்க ஆரம்பித்தது.

"நல்லது தம்பி" என்று சாய்ந்து உட்கார்ந்தார் டுப்ரீ. "உங்க ஊர் எப்படி? சொல்லு கேப்போம்."

ஓரன் வென்டலைப் பார்த்தான். வென்டல் கூரையைப் பார்த்தார்.

"நல்ல ஊர் சார். ஒரு பெரிய தெரு இருக்கு. தெருவுக்குத் தெற்கால தேவாலயம், பள்ளிக்கூடம், எங்க வீடு."

"வடக்கால?"

"வடக்கால... ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணுமே இல்லையா?"

"வெறும் வெளி சார். ரொம்ப அகலமா இருக்கும்."

"வயலா?"

"வயல் இல்ல சார். கொஞ்சம்... ஈரமா இருக்கும்."

"அந்தப் பக்கத்து மாநிலத்துக்குப் போகணும்னா எப்படிப் போவீங்க?"

"பாலத்து மேல சார்."

"எதுக்குப் பாலம்?"

ஓரனின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "ஈரத்துக்கு சார்" என்றான்.

டுப்ரீ அவனை நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "பாத்தியா? சொந்த ஊர் நதியோட பேரைச் சொல்ல அவனுக்கு நாக்கு வரல. அவ்வளவு ஆசை உள்ளுக்குள்ள! காதலிச்ச பொண்ணு பேரைப் பொண்டாட்டி முன்னாடி சொல்லாத மாதிரி."

வென்டலுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மெத்தைக் கடையாவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் கொட்டினார். உணவகம், லோனி, இரண்டாவது துண்டு, ஜன்னலில் தெரிந்த படகு, நங்கூரம், மீன். "நதியைப் பத்திப் பேசாதேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்ததும் நான்தான் சார். பையன் மேல ஒரு தப்பும் இல்ல. என்னை வேலையை விட்டு எடுங்க. அவனை எடுத்துக்கங்க."

டுப்ரீ எழுந்து வந்தார். வென்டல் கண்ணை மூடிக்கொண்டார். தோளில் ஒரு கனமான கை விழுந்தது.

"வென்டல்" என்றார் டுப்ரீ. "எத்தனையோ பேர் இந்த அறையில நின்னு ஒரு பையனுக்காக வாதாடியிருக்காங்க. ஆனா, தன் பேரையே கெடுத்துக்கிட்டு, பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டுப் பொய் சொன்னவனை நான் பார்த்ததே இல்ல."

"இது பொய் இல்ல சார்! அதுதான் பொய்!"

"போதும்யா. எனக்குப் புரியுது. அவ்வளவு பிடிச்சிருக்கா உனக்கு அவனை?" மூக்கை உறிஞ்சினார். "அஞ்சாவது சுற்றெல்லாம் முடியாது. ஏழாவதுல, கடைசி முறையில, அவன் மிச்சம் இருந்தா எடுக்கிறேன். உனக்காக. ஆனா அவன் மட்டும் படகுல போனான்னா, நீயும் பின்னாடியே போயிடு."

தேர்வு மூன்று நாள் நடந்தது. முதல் நாள் ஓரன் பெயர் வரவில்லை, எதிர்பார்த்ததுதான். இரண்டாம் நாள் அவனைவிட மட்டமான கைகள் எல்லாம் விலைபோவதை வென்டல் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்படும்போது, அந்த வீட்டில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரை நினைத்துக்கொண்டார். ஒரு கட்டத்தில், யாராவது அவனை எடுத்துவிட்டால்கூடப் போதும், நமக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஐந்தாவது சுற்று போனது. ஆறாவது போனது. ஏழாவதில் லோனியின் அணி ஒரு பந்து பிடிக்கிறவனையே எடுத்தது; ஓரனை அல்ல. ஹெரன்ஸின் கடைசி முறை வந்தபோது தலைமை அலுவலக அறையில் எல்லோரும் டுப்ரீயைப் பார்த்தார்கள். டுப்ரீ வென்டலைப் பார்த்தார். வென்டல் தரையைப் பார்த்தார்.

"மேபெரி" என்றார் டுப்ரீ.

பெயர் அறிவிக்கப்பட்ட அரை நிமிஷத்தில் வென்டலின் கைபேசி அடித்தது.

"அடப் பாவி!" அந்தப் பக்கம் லோனி அறைக்கே கேட்கும்படி அலறினான். "நங்கூரமா? அப்பவே கதையைக் கட்டி, நாட்டையே நம்ப வெச்சு, கடைசிச் சுற்றுல அள்ளிக்கிட்டுப் போயிட்டியேடா! நான் போய் எங்க மேலாளர்கிட்ட என்ன சொல்லுவேன்?"

டுப்ரீ அந்தக் கைபேசியையே வெறித்துப் பார்த்தார். பிறகு வென்டலை. அவர் வாய் மெல்லத் திறந்தது. "அப்போ... நீ அன்னிக்குச் சொன்னது..."

"அதைத்தான் சார் நான் தொண்டை கிழியச் சொன்னேன்."

அடுத்த நொடி டுப்ரீ வென்டலைத் தூக்கியேவிட்டார். இரண்டாம் சுற்றில் போக வேண்டிய பையன் ஏழாம் சுற்றில்! உதவியாளர்கள் மேஜையைத் தட்டினார்கள். ஒருவன் வென்டல் முதுகில் ஓங்கி அறைந்தான். யாரோ கேக் கொண்டுவரச் சொன்னார்கள். மெத்தைக் கடை வென்டலின் மனசிலிருந்து நிரந்தரமாக இழுத்துப் பூட்டப்பட்டது. எல்லாவற்றையும்விட, அந்தப் பையனுக்குச் செய்த பாவம் கழிந்ததே என்று அவருக்குக் கண் கலங்கியது.

"போனைப் போடுங்கய்யா பையனுக்கு! எல்லாரும் கேக்கட்டும்!" என்றார் டுப்ரீ. ஒலிபெருக்கியில் மணி அடித்தது. நீளமாக அடித்தது. லூவெல்லா எடுத்தாள்.

"அம்மா, வணக்கம்! ஹெரன்ஸ் அணியிலேருந்து டுப்ரீ பேசுறேன். உங்க பையனை நாங்க எடுத்துட்டோம்!"

"ஐயோ, இப்பவா சொல்லுவீங்க?" என்றாள் லூவெல்லா. "ரெண்டு நாளும் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தானே. யாருமே கூப்பிடல. காலையில கிளம்பிப் போயிட்டான்."

"எங்கே போயிட்டான்? கூப்பிடுங்கம்மா."

"எப்படிக் கூப்பிடுறது? சரக்குப் படகு இந்நேரம் ரொம்ப தூரம் போயிருக்குமே. வேலைக்குச் சேர்ந்துட்டான்ல."

அறையில் கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. டுப்ரீ வென்டல் பக்கம் திரும்பவே இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்தார்.

"அம்மா... அவனுக்குப் படகுன்னாலே ஆகாதுன்னு சொன்னாங்களே? காலே வெச்சதில்லன்னு?"

"போன மாசம் வரைக்கும் வெச்சதே இல்லைங்க" என்றாள் லூவெல்லா. "வர்றவங்க எல்லாம் அதையே கேக்குறாங்களே, அப்படி அதுல என்னதான் இருக்குன்னு ஒருநாள் ஏறிப் பார்த்தான், இப்போ இறங்கவே மாட்டேங்குறான்!"